வீட்ல ஒருசந்தி

வெயில் தாழ்கிற நேரம். வில்லியனூர் தாண்டி மேற்கே போகிற வண்டிப்பாதை... ஈ காக்கை இல்லை. முப்பத்து நாலாம் வருஷத்துத் தவக்காலம். போனது என் சிநேகிதன் அமலநாதனுடைய மச்சான், தனிஸ்லாஸ்.

பாதை முடிவில் இடிந்த சமணக் கோயில். பாதிக் கூரை கிடையாது. வௌவால் புழுக்கை நாற்றம். சுவரில் ஒரு கல்வெட்டு. சோறு தண்ணீர் விட்டு, வடக்கே பார்த்து உட்கார்ந்து உயிர்விட்ட ஒரு துறவியைப் பற்றியது. அதற்கு மைப்படி கேட்டவர் புதுச்சேரியில் ஒரு முசியே, பிரெஞ்சுத் துரை. தனிஸ்லாஸ் முன்பு எடுத்துக் கொண்டுபோனதெல்லாம் பாழ். "இதுவும் கெட்டால் வேலைக்கு வராதே" என்றுவிட்டார்.

மைப்படி எப்படி எடுப்பது என்று தெரிந்தால்தான் அவன் எரிச்சல் புரியும். கல்லைக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் டப்... டப்... என்று அடிக்க வேண்டும். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். மேலே மை ஒற்றினால் பள்ளத்தில் படாது. எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

"யோவ், பேய் எப்ப வரும்?" என்கிறான் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்கிற நம்ம வேம்பு. இருப்பா, காகிதம் காய வேண்டாமா?

காய்ந்தது. உரித்தான். கடைசி வரி முழுக்கக் கறுப்பு. கல்லைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுகிறது... காகிதத்தில் இல்லை. மறுபடி அடித்தான். மறுபடியும் கறுப்பு. பிரஷ்ஷைத் தூக்கி வீசினான். மிச்சம் ஒரே காகிதம்.

அதையும் ஒட்டினான். அப்போது பின்னால் மயிலிறகால் தரையைப் பெருக்குகிற ஓசை. சர்ர்... சர்ர்... ஓரக்கண்ணில் மொட்டைத்தலை. உடம்பில் துணியில்லாத ஒரு பெரியவர்.

"உண்டாயா அப்பா?"

"எங்கங்க? வீட்ல ஒருசந்தி. அடுப்பே மூட்டல."

வீட்ல என்றால் நமக்குச் சம்சாரம். ஒருசந்தி என்றால் தவக்காலத்தில் ஒருவேளைச் சாப்பாடு. அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ...

"உன் மனைவியா நோன்பு ஏற்றாள்?"

"ஆமாங்க, ஆமா! வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க."

"நல்லது. இனிதே முடியட்டும்."

உரித்தான். கடைசி வரி பளிச்சென்று வெள்ளை! திரும்பினால்... யாருமில்லை.

முசியே தோளில் தட்டி வேலையை நிரந்தரமாக்கினார்.

ஈஸ்டர் வந்தது. தனிஸ்லாஸ் வயிறாரச் சாப்பிட்டான். அவன் மனைவி பெர்னதெத்துக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை.

"தவக்காலம்தான் முடிஞ்சிபோச்சே, தின்னு தொலையேன் புள்ள!"

"நான் மாட்டேன்னா சொல்றேன்? வாயில வெச்சா மண்ணா இருக்குது."

தொண்டையில் கோளாறே இல்லை என்றார் டாக்டர். அவளுக்கு விழுகிற ஏச்சு மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் அந்தப் பெரியவரிடம் 'ஆமா' என்றது ஞாபகம் வந்து அவனுக்கே சுரீர் என்றது. அந்த இடிந்த கோயிலுக்கு ஓடினான்.

"அது அந்த நோன்பு இல்லீங்க! ஒருவேளை சாப்புடுவா! அவள வுட்டுடுங்க!"

தொண்டை கட்டும்வரை கத்தினான். வௌவால்தான் பறந்தது.

குருசுக்குப்பத்து வீட்டுக்குத் திரும்பியபோது பெர்னதெத் வாசலில் நின்றிருந்தாள். சிரித்த முகம். "இப்பல்லாம் பசிக்கவே இல்லீங்க" என்று கையைத் தூக்கி முடியை ஒதுக்கினாள்.

மணிக்கட்டு வளையல் வழுக்கியது... முழங்கையிலும் நிற்கவில்லை.