மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் ஜீப் இடது பக்கம் இழுக்கிறது ஐயா. நேற்று என் பட்டறைக்கு நோட்டீஸ் கொண்டு வந்தார்களே, அந்த ஜீப்பைத்தான் சொல்கிறேன். தெரு முனையில் திரும்பும்போதே கவனித்தேன். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கவர்மென்ட் வண்டி என்பதால் யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். சீக்கிரம் யாரிடமாவது காட்டிவிடுங்கள், உயிர் விஷயம்.

உங்கள் ரைட்டர் தங்கமானவர். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவர் எழுதினால் என் பேச்சு அவர் பேச்சாகிவிடும். இந்த வழக்கே ஒரு வார்த்தை மாறிப்போனதால் வந்த வினை. அதனால் வெள்ளைத் தாள் வாங்கி நானே எழுதுகிறேன்.

என் பெயர் கோதண்டம். வயது ஐம்பத்தெட்டு. எர்ணாவூர் மெயின் ரோட்டில் முப்பத்தொரு வருஷமாக முன் ஆக்ஸில், அதாவது முன் சக்கர அச்சு வேலை மட்டும் பார்க்கிறேன். இன்ஜின், பிரேக், ஏசி என்று எல்லாவற்றிலும் கை வைத்து எதையும் உருப்படியாகச் செய்யாத ஆள் நான் இல்லை.

நோட்டீஸில் இப்படி இருக்கிறது: வேனின் இடது சக்கரத்துக்குப் போகும் ஸ்டியரிங் ராடில் ஸ்ப்ளிட் பின் மாட்ட மறந்த மெக்கானிக்கின் அஜாக்கிரதையால் விபத்து. டிரைவர் பீம்ராவும், முன் சீட்டில் இருந்த சொக்கம்மாளும் இறந்தார்கள். ஒன்பது பெண்களுக்குக் காயம். தேதி சரி, நேரம் சரி, ஆட்களின் எண்ணிக்கை சரி. வண்டியைச் சோதித்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் நல்ல வேலைக்காரர், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஆட்சேபணை ஒரே ஒரு வார்த்தையில்தான். அந்த அஜாக்கிரதை.

உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்ப வேண்டும். அதற்கு நடுவில் ஒரு இரும்பு ராடு. அந்த ராடின் முனையை ஒரு நட்டு பிடித்திருக்கிறது. நட்டு ஆட்டத்தில் கழன்றுவிடாமல் இருக்க, அதன் குறுக்கே கொண்டை ஊசி மாதிரி ஒரு கம்பியைச் செருகி, இரண்டு காலையும் விரித்துவிடுவோம். அதுதான் ஸ்ப்ளிட் பின். விரல் நீளம்கூட இருக்காது. வேனில் ஏறுகிற பத்துப் பெண்களும் அந்தக் கம்பியில்தான் உட்கார்ந்து போகிறார்கள், அவர்களுக்குத் தெரியாவிட்டாலும்.

அப்புறம் என் பொட்டு. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நட்டையும் நானே கடைசியாக ஒரு தடவை இறுக்கிப் பார்த்து, அதன் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு வைப்பேன். பொட்டு வைத்த நட்டை யாரும் தொடக் கூடாது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வான். வேறு பட்டறைக்காரன்கூட என் பொட்டைப் பார்த்தால் ஸ்பேனரை உள்ளே வைத்துவிடுவான். சில டிரைவர்கள் காலையில் வண்டி எடுக்கும் முன் குனிந்து பொட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை.

அப்படிக் கும்பிட்டவர்களில் பீம்ராவும் ஒருவன். வியாசர்பாடிக்காரன். இறால் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன் ஓட்டினான். பதினாறு வருஷப் பழக்கம். எனக்குத் தெரிந்து அவனுக்கு ஒரே கெட்ட பழக்கம்தான், சந்தேகம்.

கன்டெய்னர் லாரிகள் உழுது வைத்த ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறக்கி, முன் ஆக்ஸிலில் அடி வாங்கிக்கொண்டு வந்தான். சரிசெய்து அனுப்பினேன். நாலு நாளில் திரும்பி வந்தான். "நைனா, இன்னும் லெப்ட்ல இய்க்குது" என்றான். பார்த்தேன். ரோடு சாய்ந்திருக்கிறது, வண்டி ஒழுங்காக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தான். மறுபடி அதையே சொன்னேன். முப்பத்தொரு வருஷக் கை சொல்கிறது, போய்த்தொலைய வேண்டியதுதானே.

மூன்றாவது தடவை கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். ரெட்டேரிப் பக்கம் ஏதோ ஒரு கடையில் கம்ப்யூட்டரில் வைத்துப் பார்த்தானாம். கலர் கலராகக் கோடு, எண்கள், கீழே ஒரு சீல். ஆக்ஸில் இன்னும் வளைந்திருக்கிறது என்று அதில் அச்சடித்திருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை. காலை பத்து மணி. அந்த நேரத்தில் டிரெய்லர் டிரைவர்கள் ஏழெட்டுப் பேர் டீ கிளாஸோடு என் பட்டறை வாசலில்தான் இருப்பார்கள். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு நீட்டினான்.

"கோச்சிக்காத நைனா. மெஷின் இப்டி சொல்து. நீ ஒரு தபா பாத்துடு. பொம்பளைங்கள இட்டுகினு போறேன், பயமா கீது" என்றான்.

நியாயமான பேச்சுதான். ஆனால் டிரெய்லர் ஓட்டுகிற ரஷீது அந்தக் காகிதத்தை வாங்கி எல்லாருக்கும் காட்டினான். "இன்னா மாமு, உன் மஞ்சப் பொட்டு கம்ப்யூட்டர் பரீட்சைல பெயில் ஆய்டுச்சா?" என்றான். வாசலில் அத்தனை பேரும் சிரித்தார்கள். பீம்ராவும் சிரித்தான். அதை மட்டும் நான் நன்றாகப் பார்த்தேன். நானும் சிரித்தேன். பெருந்தன்மையான ஆள் என்று பெயர் எடுத்தவன் வேறு என்ன செய்வது.

வண்டியை விட்டுவிட்டுப் போ, சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொள் என்றேன். ஆக்ஸிலைக் கழற்றிப் போட்டு அளந்தேன். கம்ப்யூட்டர் சொன்னது சரி. மூன்று நூல், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் வளைவு இருந்தது. இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன், வாசலில் யாருக்கும் தெரிய வேண்டாம். அதை அழுத்தி நிமிர்த்தி, இரண்டு பக்கமும் அளவெடுத்து, நூல் பிசகாமல் மாட்டினேன். அப்படி ஒரு வேலை நானே பார்த்ததில்லை. ரெட்டேரிக்காரன் மெஷினை ஏழு தடவை ஓட்டினாலும் ஒரு குறை கண்டுபிடித்திருக்க முடியாது.

அங்கேதான் சிக்கல். குறையே இல்லாமல் கொடுத்தால் ஜெயித்தது யார்? அந்தக் காகிதம்தானே. மெஷின் சொன்னதால்தான் நைனா ஒழுங்காகச் செய்தார் என்று என் வாசலிலேயே டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள்.

அதனால் இடது பக்க ராடு நட்டில் மாட்டியிருந்த பின்னை உருவினேன். புதுப் பின், நானே மாட்டியது. நட்டை ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். அதன் மேல் பொட்டு வைத்தேன். காயும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

பெரிதாக எதுவும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் கொஞ்சம் உதறும், புதன்கிழமை வாக்கில் வருவான், பத்து மணிக்கு எல்லாரும் பார்க்க நான் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, இந்த நட்டுதான் என்று தொட்டுக் காட்டி, இரண்டு நிமிஷத்தில் சரிசெய்து, உன் மெஷின் இதைச் சொன்னதா என்று கேட்பேன். அவ்வளவுதான் திட்டம். ஒரு பாடம். நட்டு எத்தனை நாள் தாங்கும் என்பது என் கைக்குத் தெரியும். ரோட்டைப் பற்றித்தான் கொஞ்சம் குறைத்து நினைத்துவிட்டேன். நம் ரோடு செவ்வாய்க்கிழமையே வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது.

செவ்வாய் காலை ஆறே முக்காலுக்கு பீம்ராவ் போன் செய்தான். பாலம் ஏறுவதற்கு முன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத்தான் பேசினான். ஓட்டிக்கொண்டே போன் பேசுகிற ஆள் இல்லை அவன்.

"நைனா, ஸ்டீரிங் கையிலயே நிக்க மாட்டுது. உதறுது. பேஜாரா கீது" என்றான்.

"பொட்டு கீதா, பாரு" என்றேன்.

இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு வந்தான். மூச்சு வாங்கியது. "கீது நைனா. அல்லாத்துலயும் கீது."

அந்த நேரத்தில் என் பட்டறை வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. டீக்கடையே அப்போதுதான் பாய்லரைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தது. இப்போது வரச் சொன்னால் யாருக்கு முன்னால் காட்டுவது? ரஷீது பத்து மணிக்குத்தான் வருவான்.

"பொம்பளைங்கள கம்பெனில உட்டுட்டு பத்து மணிக்கு வா" என்றேன்.

"அதுவரைக்கும் ஓட்டலாமா நைனா?"

அவன் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. அது சொக்கம்மாள் என்று அப்புறம்தான் தெரியும். "டைம் ஆவுது பீம்மு. அப்பால கம்பெனி கேட்ட மூடிடுவானுங்க. அந்த நைனா பொட்டு வெச்சிக்கினாருன்னா கரீட்டாதான் இருக்கும், வண்டிய எடு" என்றது.

எவ்வளவு அழகாகச் சொன்னாள் பாருங்கள். முகம் தெரியாத பெண்ணுக்கு இருந்த நம்பிக்கை பதினாறு வருஷம் பழகினவனுக்கு இல்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

"என் பொட்டு கீதுல்ல? ஓட்டு" என்றேன்.

ஓட்டினான். பாலம் இறங்கும்போது இடது சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பி, ஓரமாக வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரியின் பின்னால் வேன் புகுந்தது. அது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியாக அவன் போனில் பேசியது தெரிந்ததும், செல்போன் பேசிக்கொண்டே ஓட்டியதால் விபத்து என்று பேப்பரில் போட்டார்கள். அடக்கத்துக்குப் போய் மாலை போட்டேன். அவன் மனைவி மலர்க்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, வண்டி ஓட்டச்சொல்ல அவரு போன தொட மாட்டாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். அவசரத்தில் பேசியிருப்பான் விடும்மா என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். நொறுங்கிக் கிடந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்த ரஷீது என்னிடம் கை எடுத்துக் கும்பிட்டான். அந்த நிலையிலும் மற்ற நட்டுகளில் பொட்டு அப்படியே இருந்ததாம். "மன்ச்சுக்கோ மாமு, அன்னிக்கி தப்பா பேசிட்டேன்" என்றான். மன்னித்தேன்.

அப்புறம்தான் உங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த ராடு முனையைத் துடைத்துப் பார்த்தார். பின் உடைந்திருந்தால் ஓட்டைக்குள் துண்டு இருக்கும், கீறலாவது இருக்கும், எதுவும் இல்லை, ஆகவே மாட்டவே இல்லை என்று எழுதினார். அதுவரை அருமை. மாட்டாததற்குக் காரணம் மறதி என்று எழுதினாரே, அங்கேதான் தொழில் தெரியாத ஆளாகிவிட்டார்.

நாலு நாளாக என் வாசலில் என்ன பேச்சு தெரியுமா? கோதண்டத்துக்கு வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, மறந்துவிட்டார், பாவம். பாவமாம். நேற்று ஒரு டிரைவர் தன் வண்டியில் நான் வைத்த பொட்டைச் சுரண்டிவிட்டு, ரெட்டேரிக்குப் போய் எல்லா நட்டையும் இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அதைக் கேட்டபோது என் நெஞ்சு எப்படி எரிந்தது என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

அஜாக்கிரதைக்கு என்ன தண்டனை, அதற்கு மேல் என்றால் எத்தனை வருஷம் புழல் ஜெயிலில் இருக்க வேண்டும் என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். வாயைத் திறக்காதே, மறந்துவிட்டேன் என்று சொன்னால் சுலபமாக முடியும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். நல்ல மனிதர், தொழில் பக்தி மட்டும் கிடையாது.

உங்கள் மேஜை மேல் ஒரு பழைய பல்பொடி டப்பா வைத்திருக்கிறேன், பாருங்கள். அதற்குள் இருப்பதுதான் பீம்ராவின் வண்டிப் பின். உருவும்போது கால் கோணிவிட்டது, தட்டி நேராக்கி, துரு ஏறாமல் இருக்க எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். மறந்தவன் இப்படி எடுத்து வைப்பானா ஐயா?

இரண்டு உயிர் போனதில் எனக்கும் வருத்தம்தான். அது வேறு விஷயம். கோப்பில் மறதி, அஜாக்கிரதை என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, தெரிந்தே செய்தார் என்று எழுதுங்கள். முப்பத்தொரு வருஷத்தில் என் பட்டறையை விட்டு ஒரு வண்டிகூட நான் நினைத்தபடி இல்லாமல் வெளியே போனதில்லை. பீம்ராவின் வண்டியும் அப்படிப் போகவில்லை.