உதட்டில் வைத்த கல்

கல் வைத்த நகை வாங்குவதாக இருந்தால் பகலில் போங்கள், இன்ஸ்பெக்டர். கடை விளக்குக்குக் கீழே எந்தக் கல்லும் அழகிதான். வாசலுக்குக் கொண்டுவந்து, வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் அதற்கு முகத்தைச் சுளித்தால் நகையை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். மகளுக்குக் கம்மல் வாங்க வேண்டும் என்று நேற்று நீங்கள் கான்ஸ்டபிளிடம் பேசியது காதில் விழுந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

நகையைத் திருப்பியும் பாருங்கள். கல்லின் முதுகைத் தகடால் மூடியிருந்தால் உள்ளே வண்ணத்தாள் ஒளிந்திருக்கலாம். துளிக்கூடக் குறையில்லாத கல்லை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றால் உங்கள் தலையில் கண்ணாடியைக் கட்டப் பார்க்கிறார்கள். கடைசியாக, கல்லை உதட்டில் வையுங்கள். நல்ல மாணிக்கம் சில்லென்று இருக்கும். கண்ணாடியில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. என் கடையில் லென்ஸும் உண்டு. கொஞ்ச காலமாக நான் அதைத் தொடுவதில்லை. தேவைப்படவில்லை.

செத்தவனைப் பற்றித்தானே கேட்டீர்கள். என் தங்கையின் கணவன். மரியாதையாக ‘அவர்’ என்றுதான் சொல்லிவந்தேன், இனி ‘அவன்’ போதும். பின்னறையில் கல் பதிப்பது அவன் வேலை. முன்னால் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குக் கல் பொறுக்கித் தருவது என் வேலை. அவன் கைவேலையில் கெட்டிக்காரன். இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். வாய்தான் சும்மா இருக்காது.

அன்று மத்தியானம் தங்கையின் பதக்கத்தைக் கொண்டுவந்தான். அதிலிருந்த மாணிக்கம் அவள் கல்யாணத்துக்கு நான் தேடிப் பிடித்துக் கொடுத்தது. கொக்கி தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். பழக்கதோஷத்தில் எடுத்து உதட்டில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

“என்ன மாப்பிள, நான் குடுத்த கல்லு எங்க?”

அவன் சிரித்தான். “அதே கல்லுதான் மச்சான். வெயில்ல வண்டி ஓட்டிட்டு வந்தேன், பாக்கெட்லயே கெடந்துச்சு. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் வச்சுப் பாருங்க.”

“இது கண்ணாடி.”

“அப்ப இதுல பாருங்க” என்று லென்ஸை என் பக்கம் தள்ளினான். நான் எடுக்கவில்லை. அவன் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டான். “கோவிச்சுக்காதீங்க மச்சான். போன வாரம் அந்த டீச்சருக்கு ஏதோ ஒரு சிவப்புக் கல்ல மாணிக்கம்னு எடுத்துக் குடுத்தீங்க. நான்தான் பின்னாடியே ஓடிப்போய் மாத்திக் குடுத்தேன். நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போலாம், நானே கூட்டிட்டுப் போறேன். கண்ணு சரியாகுற வரைக்கும் முன்னாடி நான் உக்காந்துக்கறேன்.”

எவ்வளவு அன்பு பாருங்கள். கட்டியவளின் கல்லை மாற்றியவன் வேறு எப்படிப் பேசுவான்? எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வந்தது. என் தங்கைக்காக வந்தது.

அவன் பின்னறைக்குப் போய்க் குனிந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மோதிரத்தை மாட்டித் தட்டி வட்டமாக்கும் இரும்புக் கோல் ஒன்று பக்கத்தில் இருக்கும். நல்ல கனம். பின்மண்டையில் அடித்தேன். திரும்பிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம், அடுத்தது முகத்தில் விழுந்தது. பல் ஒன்று தெறித்துத் தராசுத் தட்டில் போய் உட்கார்ந்தது. “மச்சான்” என்று கையைத் தூக்கினான். விரல்கள் உடைந்தன. அந்த விரல்களைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு தலையில் மட்டும்தான் அடித்தேன்.

கடை மணி அடித்தது. கையைக் கழுவி, திரையை இழுத்துவிட்டு முன்னால் வந்தேன். ஓர் அம்மா, மருமகளுக்கு மோதிரம் பார்க்க வந்திருந்தார். முறைப்படி வாசலுக்கு அழைத்துப்போய் வெளிச்சத்தில் காட்டினேன்.

“உள்ள என்னங்க சத்தம்?”

“மெருகு போடுற மெஷினும்மா. பழசாயிடுச்சு, இழுத்து இழுத்துத்தான் ஓடும்.”

பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தயங்கித் தயங்கித் தேர்ந்தெடுப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. நான் பச்சை என்று எடுத்துக் காட்டிய கல்லை நீலம் என்றார் அவர். பாவம், அவர் கண்ணில் ஏதோ கோளாறு.

இன்று காலை நீங்கள் வந்து, பதக்கத்தை நிபுணரிடம் காட்டியாயிற்று, சுத்தமான மாணிக்கம் என்றீர்கள். தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷன் திருடன் இல்லை என்று உன் வாயாலேயே அவளிடம் சொல் என்றீர்கள். சந்தேகமிருந்தால் நீயே பார் என்று கல்லையும் நீட்டினீர்கள். உதட்டில் வைத்தேன். சில்லென்றுதான் இருந்தது.

ஆமாம், நான்தான் அவனைக் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தங்கையிடம் அது கண்ணாடி என்றுதான் சொல்வேன். உங்கள் இரும்பு அலமாரிக்குள் இராத்திரி முழுக்கக் கிடந்தால் எந்தக் கல்லும் சில்லென்றுதானே இருக்கும்.