ஏலாது என்று சொல்லத் தெரியாத மிசின்

கிண்ணியாவுக்கு ஆட்களை ஏற்றிய பாதை என்னும் மிதவை நகர்ந்ததும், துறைமுகத்தில் கொம்பியூட்டர் வேலை பார்ப்பவர் தன் மச்சானிடம் சொன்னார்: "எட்டு மணிதான் இருக்கு. ஒன்பதாவது வந்து கேட்டா மிசின் விறைச்சுப் போகுது."

"என்ன மணி?"

பக்கத்தில் நின்ற எனக்கும் அதே கேள்விதான்.

"மிசினோட பூட்டுற ஒவ்வொரு கருவிக்கும் அதைக் கூப்பிட ஒரு மணி வேணும். நாளைக்குத் துறைமுகப் பெரியவர் பார்க்க வாறார். ஒன்பதாவது ஓடாட்டிப் பரவாயில்ல. எல்லாம் நிண்டா என்ட வேலை போயிரும்."

"பாதை நிறைஞ்சதும் பாதைக்காரர் இப்ப ஒரு மனிசனை 'இனி ஏலாது' எண்டு கரையில மறிச்சாரே. உங்கட மிசின் அப்பிடிச் சொல்லாதா?"

"நான் எழுதின புரோகிராம் இல்லாத மணியை எடுத்துக் குடுக்கப் பார்க்குது."

"ஏலாதெண்டு சொல்ல எழுதினீங்களா, மச்சான்?"

 அக்கரையில் எல்லாரும் இறங்கினோம். கொம்பியூட்டர்காரர் மட்டும் இறங்காமல், அதை எழுத அதே பாதையில் துறைமுகத்துக்குத் திரும்பிப் போனார்.