கறையப் பாத்துச் சொல்றேன்

அந்தக் கடைக்கா? வேண்டாம் தம்பி, அங்க போகாதீங்க. கோட்டு காய எப்படியும் அரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவத்துப் பக்கம் தள்ளிப் போட்டுக்கோங்க. காபிக் கறைதானே, போயிடும். பால் ஊத்தின காபின்னா கொஞ்சம் அடம் பிடிக்கும், அவ்வளவுதான். நீங்க ஓடி வந்து நின்ன வேகத்தப் பாத்து ஏதோ ரத்தக் கறையோன்னு நினைச்சுட்டேன்.

போன்ல நாலரை ஸ்டார் போட்டிருக்கா? போட்டிருக்கும். சாப்பிட்டுட்டுப் போட்டாங்களோ, சாப்பிடறதுக்கு முன்னாடியே போட்டாங்களோ, யாரு கண்டா. எனக்கு ஸ்டாரெல்லாம் தெரியாது. இத்தாலி எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டாக்கூடக் கை காட்டத் தெரியாது. ஆனா இந்த ஊர்ல இத்தாலி சாப்பாடு போடற கடைங்கள்ல முக்கால்வாசிக்கு மேசைத்துணி துவைக்கறது நான்தான். அதோ மூலைல மூட்டை மூட்டையா கிடக்குதே, அதெல்லாம் அதுதான். பச்சை நூல் கட்டினது ஒரு கடை, நீல நூல் கட்டினது இன்னொரு கடை. பத்தொன்பது வருஷமா கறை பாத்துட்டு இருக்கேன். எந்தக் கடைல ஜனங்க ரசிச்சு சாப்பிடறாங்க, எந்தக் கடைல கடனேன்னு சாப்பிடறாங்கன்னு துணிய விரிச்ச உடனே சொல்லிடுவேன்.

பதினஞ்சு பேரா? ஓ, ஆபீஸ் விருந்தா. இன்னைக்கு சாயங்காலமேவா? அட பாவமே. புக் பண்ணின கடைக்காரன் காலைல கைய விரிச்சுட்டான், அதக் கேட்ட அதிர்ச்சில காபிய மேல கொட்டிக்கிட்டீங்க. சரிதான். மேனேஜர் ரிடையர் ஆகறாரு, அவருக்கு இத்தாலி சாப்பாடுதான் பிடிக்கும், இடம் பாக்க வேண்டியதும் நீங்க, எழுந்து நின்னு பேச வேண்டியதும் நீங்க. முப்பது வருஷம் உழைச்சுட்டுப் போறவருக்கு வாய்க்கு விளங்காததப் போட்டு அனுப்பினா உங்க பேருதான் கெடும்.

பதினஞ்சு பேருன்னு கேட்ட உடனே எனக்கு ஒரு கடை ஞாபகம் வந்துடுச்சு. உங்க போன்ல அது வராது. இந்த மாசக் கடைசிக்குள்ள நாலு பேரு வந்து உக்காரலன்னா அதை மூடப் போறாங்க. சின்னக் கடை, எட்டே மேசைதான். இருங்க இருங்க, முகத்தச் சுளிக்காதீங்க. முதல்ல உங்க லிஸ்ட்ட முடிச்சுடுவோம். அப்புறம் நான் என் ஆளுக்காகத்தான் பேசறேன்னு சொல்லக் கூடாது பாருங்க.

மொட்டை மாடில இருக்கற ஓட்டல்தானே முதல்ல சொன்னீங்க. அங்கேயிருந்து வர்ற துணில என்ன இருக்கும் தெரியுமா, மெழுகும் லிப்ஸ்டிக்கும்தான். சாப்பாட்டுக் கறைய பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். மெழுகுவத்தி ஏத்தி வச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு, எழுந்து போயிடறாங்க. தட்டுல ரெண்டு இலையும் ஒரு கோடும் போட்டுக் குடுத்தா எங்கேயிருந்து கறை வரும். எனக்கு அந்தக் கடை மேல கோவம் இல்ல, மெழுகு எடுக்கறது சுலபம். சுரண்டிட்டு மேல பேப்பர் வச்சு இஸ்திரி போட்டா உறிஞ்சிக்கும். ஆனா உங்க ஆபீஸ்ல பதினஞ்சு பேரு பசியோட வீட்டுக்குப் போவாங்க.

அடுத்தது எது? மால்ல மூணாவது மாடியா. வேண்டவே வேண்டாம். நிஜத் தக்காளின்னா கறை தண்ணில ஊற வச்சு, சோப்புப் போட்டு, வெயில்ல காயப் போட்டாப் போயிடும். இவங்க கறை மூணு துவையலுக்கும் மசிய மாட்டேங்குது. அவ்வளவு சாயம். துணியவே விட்டுப் போகாதது வயித்துக்குள்ள என்ன பண்ணும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அந்த ஆளுகிட்ட ஒரு நாள் சொல்லியே விட்டேன், ஐயா, நீங்க சாஸுக்குக் கொட்டறத என் சேலைக்குக் குடுங்க, ரெண்டு சேலைய முக்கிக்கறேன்னு. சிரிச்சுட்டுப் போயிட்டார். சுரணை இருந்தா மாத்தியிருப்பார்.

பேங்குக்குப் பக்கத்துக் கடையப் பத்தி எனக்குத் தெரியாது. அங்க துணியே கிடையாது, பேப்பர விரிக்கறாங்க. பேப்பர் விரிக்கறவங்களப் பத்தி நான் பேசறதில்ல.

ஆமா, ஆத்தோரக் கடை நல்ல கடைதான். இல்லாத குறை சொன்னா எனக்கு நாக்கு அழுகிப் போயிடும். எண்ணெய் நல்ல எண்ணெய், சாஸ் நல்ல சாஸ். ஆனா துணி பூரா பேனாக் கிறுக்கல். பேரம் பேசற கூட்டம் சாப்பிட வர்ற இடம் அது. சாப்பிட்டுக்கிட்டே துணி மேல கணக்குப் போடறாங்க, பேனா மைய எடுக்கறதுக்குள்ள எனக்கு விரல் தேஞ்சுடும். என்னது, அதுதான் கைய விரிச்ச கடையா? பாத்தீங்களா. பெரிய கைங்க வந்திருக்கும், உங்களத் தூக்கி வெளிய போட்டுட்டாங்க. விடுங்க, நல்லதுக்குத்தான்.

இப்ப நான் சொல்ற கடைக்கு வருவோம். சைக்கிள் ரிப்பேர் கடை இருக்குல்ல, தபால் ஆபீஸ் தாண்டி, அதுக்கு மேல மாடி. குறுகலான படி, பதினெட்டுப் படி ஏறணும். உங்க மேனேஜருக்கு முட்டி நல்லா இருக்குல்ல? அப்பச் சரி. நடத்தறவரு பதினொரு வருஷம் கப்பல்ல சமையல் பண்ணவரு. நாங்க இங்க கப்பல்காரர்னுதான் சொல்லுவோம். அந்தக் கப்பல்ல தலைமைச் சமையல்காரர் இத்தாலிக்காரராம். அவருகிட்டத் திட்டு வாங்கியே தொழில் கத்துக்கிட்டாராம். மாவு பிசையறதுல இருந்து எல்லாம் அவரே கையாலதான். நல்ல மனுஷன். கப்பல்லயே காலம் போனதுல கல்யாணம்கூடப் பண்ணிக்கல. அது எதுக்கு இப்ப உங்களுக்கு.

அடியே, உள்ள என்ன சிரிப்பு. உன் வேலையப் பாரு, அந்தக் காலர் கருகிடப் போகுது. ஒண்ணும் இல்ல தம்பி, அது நம்ம இஸ்திரி போடற பொண்ணு. எதுக்கெடுத்தாலும் சிரிப்பு.

கடை திறந்த புதுசுல அவரோட துணி வரும்போது பாக்கணும் நீங்க. தட்டு இருந்த இடத்துல இருந்து மேசை ஓரம் வரைக்கும் சொட்டு சொட்டா ஒரு வரிசை போகும். என்ன அர்த்தம்னா, சாஸ ரொட்டில வழிச்சு வழிச்சு வாய்க்குக் கொண்டு போயிருக்காங்க, தட்டக் கழுவவே வேண்டாங்கற அளவுக்கு. பத்தொன்பது வருஷத்துல வேற எந்தக் கடைத் துணிலயும் நான் அதப் பாத்ததில்ல. பெரிய மனுஷங்கதான் தம்பி, சின்னப் புள்ளைங்க மாதிரி சாப்பிட்டிருக்காங்க. அதப் பாத்தப்புறம்தான் எனக்கே அங்க ஒரு வாய் சாப்பிட்டுப் பாக்கணும்னு ஆசை வந்துச்சு.

அப்புறம் ஏன் கூட்டம் இல்லையா? நல்லாக் கேட்டீங்க. குழாய் பதிக்கறேன்னு தெருவத் தோண்டிப் போட்டாங்க. ஒரு வாரம்னாங்க, ஆறு மாசம் ஆக்கிட்டாங்க. படி இருக்கற இடமே தெரியாம தகரத்த வச்சு அடைச்சுட்டாங்க. தெரிஞ்சவங்க எத்தனை பேரு பள்ளத்தத் தாண்டிக் குதிச்சு வந்து சாப்பிடுவாங்க. போன வாரம்தான் பள்ளத்த மூடினாங்க, இப்பப் பளபளன்னு இருக்கு ரோடு. ஆனா வந்துட்டிருந்த ஜனம் வேற கடைக்குப் பழகிடுச்சு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன், அப்பவும் ஆள் வரலன்னா சாவியக் குடுத்துட்டுத் திரும்பக் கப்பலுக்கே போயிடறேன்னு சொன்னாரு. போன செவ்வாய்க்கிழமை, இந்தா, நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல உக்காந்துதான் சொன்னாரு. கப்பலுக்குப் போனா எப்ப வருவீங்கன்னு கேட்டேன். ரெண்டு வருஷம், மூணு வருஷம்னாரு. எனக்கு அன்னைக்கு வேலையே ஓடல.

நல்ல சாப்பாடு போடற கடை மூடினா வருத்தமா இருக்காதா? அதுக்குத்தான்.

சரி, சொல்ல வந்தத முழுசாச் சொல்லிடறேன். நீங்க இந்தப் பக்கம் திரும்பி வரப் போற ஆளு இல்ல, சொன்னா என்ன. நம்ம கடைல ஒரு வழக்கம் உண்டு. துணி கொண்டு வர்றவங்க முன்னாடியே ஒவ்வொண்ணா விரிச்சுப் பாப்போம். கறை இருக்கற இடத்துல சிவப்பு நூல்ல ஒரு தையல் போட்டு விட்டுடுவோம். இது எங்க கறை இல்லன்னு பின்னாடி யாரும் சண்டைக்கு வரக் கூடாதுல்ல. மத்த கடைத் துணியெல்லாம் வேன்ல வரும். கப்பல்காரர் மட்டும் மூட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு அவரே நடந்து வருவாரு. செவ்வாய் ஒரு தடவை, வெள்ளி ஒரு தடவை.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை, அவரு கொண்டு வந்த துணிய விரிக்கறேன், ஒரே துணில நாலு கறை. நாலும் ஒரே வடிவம். ஒண்ணு நல்ல சிவப்பு, அடுத்தது கொஞ்சம் வெளுப்பு, மூணாவது இன்னும் வெளுப்பு, கடைசி இருக்கா இல்லையாங்கற மாதிரி. அண்ணன் தம்பி நாலு பேரு வயசு வரிசைல நிக்கற மாதிரி இருந்துச்சு. புரியலயா? மேசைல விரிச்ச துணில சாஸ் கொட்டினா ஒரு இடத்துலதானே கறை இருக்கும். நாலா மடிச்சு வச்ச துணி மேல ஊத்தினாத்தான் அடி வரைக்கும் இறங்கி, விரிக்கும்போது நாலு இடத்துல தெரியும். நாங்க இஸ்திரி போட்டுக் குடுத்த மடிப்புகூடக் கலையல. அந்தத் துணி மேசைப் பக்கமே போகல தம்பி. அலமாரில இருந்து எடுத்து, ஒரு கரண்டி சாஸ ஊத்தி, மூட்டைல கட்டி எடுத்துட்டு வந்திருக்காரு. கப்பல்ல எல்லாம் கத்துக்கிட்ட மனுஷனுக்கு, விரிச்சுட்டு ஊத்தணும்னு தோணல.

நான் அவரப் பாத்தேன். அவரு மேல ஃபேனப் பாத்தாரு. நாலு இடத்துலயும் நூலப் போட்டேன். அடுத்த துணிய விரிச்சேன், அதுலயும் நாலு. எட்டுத் துணிக்கும் தையல் போட்டு முடிக்கறதுக்குள்ள அவருக்கு காது ரெண்டும் சிவந்து போச்சு.

என்ன நினைச்சேனா? பாவம், கடைக்கு ஆளே வரலங்கறது எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கறாருன்னு நினைச்சேன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. அதுல இருந்துதான் இங்க வர்றவங்களையெல்லாம் அங்க அனுப்ப ஆரம்பிச்சேன். பல் டாக்டர அனுப்பினேன். பாட்டு டீச்சரப் பிள்ளைங்களோட அனுப்பினேன், அந்தச் சின்னது சாஸத் தொட்டு துணில பன்னி வரைஞ்சு வச்சிருந்துச்சு. அதப் பாத்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். நிஜக் கறை. போனவங்க யாருமே குறை சொல்லல தம்பி, நீங்க பயப்படாதீங்க. ஆனா அப்பவும் மூணு துணில நிஜக் கறைன்னா, மிச்ச அஞ்சுலயும் அதே நாலு நாலு.

அப்பத்தான் இதோ உள்ள இருக்காளே, இவ கேட்டா. அக்கா, ஆள் வரலன்னா துணி கொண்டு வராம இருக்கறதுதானே லாபம்? சுத்தமா இருக்கற துணிய வேணும்னே அழுக்காக்கி, வாரத்துக்கு ரெண்டு தடவை தூக்கிட்டு வர்ற மனுஷன் சலவைக்கா வர்றாருன்னு கேட்டா. வாய மூடுடின்னு திட்டினேன். அன்னைக்கு மட்டும் மூணு சட்டைல பட்டன உடைச்சிருக்கேன்.

என் வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆகுது. யாராவது வருவாங்கன்னு வாசலப் பாக்கற பழக்கமே விட்டுப் போயிருந்துச்சு. இப்ப செவ்வாய்க்கிழமை வந்தா தலைய ரெண்டு தடவை சீவறேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா நல்லா இருக்கு தம்பி.

இந்தாங்க கோட்டு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, கறை இருக்கா? இல்லல்ல. அப்பப் பதினஞ்சு பேரு, ஏழு மணிக்கு. இப்பவே நேராப் போய்ச் சொல்லிட்டுப் போங்க, சாயங்காலத்துக்குள்ள எல்லாம் தயார் பண்ணிடுவாரு. எட்டு மேசையையும் சேத்துப் போடச் சொல்லுங்க. எட்டுத் துணியையும் விரிச்சாகணும், எனக்கு அதுவே போதும்.

அப்புறம், அவருகிட்ட எனக்காக ஒண்ணு சொல்லணும். வெள்ளிக்கிழமை துணி இல்லாமயே வரலாம்னு சொல்லுங்க. அவ்வளவுதான். யாரு சொன்னாங்கன்னு கேக்க மாட்டாரு.