படகில் கேட்ட கம்ப்யூட்டர் கதை

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் போகும் படகில், மகள்மேல் தண்ணீர் தெறிக்காமல் துவாய் பிடித்தபடி இருந்தேன். முன்னால் ஒரு ஆசிரியையும், பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களைத் திருத்த வந்த இளைஞரும் இருந்தார்கள். ஒட்டுக்கேட்பது சரியில்லைதான்.

“நெட்வேர்க் கார்ட் சாகேல்லை ரீச்சர். கரண்ட் நிண்டு வரேக்கை அதை எழுப்ப ஆளில்லாமல் கிடந்தது.”

“அது தெரியாமல் நான் பழுதெண்டு எழுதிக் குடுத்திட்டன். கம்ப்யூட்டர் எல்லாத்தையும் திருப்பி எடுக்கப்போறம் எண்டு கல்விக் கந்தோரிலை சொல்லிப்போட்டினம்.”

மகள் தையில் சேரப்போவது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். சற்றுக் கிட்ட நகர்ந்தேன்.

“பிழை என்ரை. போனமுறை கார்ட்டை இயக்கிற ட்ரைவர் புரோகிராமைக் கையாலை தொடக்கிவிட்டிட்டுப் போயிட்டன். கம்ப்யூட்டரிலை லினக்ஸ் தொடங்கேக்கை அதுவும் தானாத் தொடங்கோணும் எண்டு உள்ளுக்கை எழுதிவைக்க மறந்திட்டன். நேற்றுத்தான் எழுதினனான்.”

“ஓம், காலமை கரண்ட் வர நான் ஒண்டையும் தொடேல்லை. கம்ப்யூட்டர் தானே எழுதிவைக்கிற லொக்கைப் பாத்தன், கார்ட் தொடங்கினது கிடக்கு. அதை அச்செடுத்துக் கந்தோருக்குக் கொண்டுபோறன். என்னை நம்பாட்டியும் அதை நம்புவினம்.”

“என்ரை பிழை அதிலை இல்லைத்தானே?”

“உம்மடை பேரே இல்லை. அதாலைதான் கந்தோருக்குக் குடுக்கிற கடிதத்திலை எழுதினனான், இந்தத் தம்பி ரெண்டுதரம் கடல் கடந்து வந்து எங்கடை பிள்ளையளுக்கு இதுகளை மீட்டுத் தந்தவர் எண்டு.”

“வரேக்கை படகு ஆடி நான் சத்தி எடுத்ததையும் எழுதினீங்களோ?”

“அதை எழுதேல்லை.”