ராணி இறங்கிய வெள்ளிக்கிழமை

சித்திரை மத்தியானத்தில் ஆரணியில் வெறுங்கால் வைக்க ஜில்லென்று இருக்கிற தரை ஒன்றே ஒன்றுதான், சார்: ஜமீன் மாளிகைத் தரை. நான் அங்கே போக ஆரம்பித்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. எழுதிக் கொடுங்கள் என்றீர்கள், எழுதுகிறேன். நிதானமாகவே எழுதுகிறேன். எனக்கு எந்த அவசரமும் கிடையாது.

போளூர் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்து ரிட்டயர் ஆன துரைக்கண்ணு நான். வீட்டில் நான் ஒருத்தன்தான். காலையில் பால்காரன் "பால்" என்பான், நான் "ஊத்து" என்பேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. எண்பத்திரண்டில் பாழடைந்து கிடந்த மாளிகையைப் பழுது பார்த்து, சுண்ணாம்பு அடித்து, ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். தர்பார் மண்டபம், கல்யாண மண்டபம், கடைசியில் சின்னதாக ஒரு சீமந்த அறை. ஜமீன் வீட்டுப் பெண்களுக்கு ஏழாம் மாதம் வளையல் அடுக்கிய இடம் அது. நடுவில் ஒரு கல்மேடை, சுவரில் ஒரு ராணியின் படம். விளக்கம் சொல்ல ஆள் போடவில்லை. வாட்ச்மேன் சவரிராஜைக் கேட்டால், "போர்டு கீது பாருங்க, படிச்சிக்குங்க" என்பான்.

ஒரு நாள் தேசூரிலிருந்து வந்த குடும்பம் என்னை மாளிகை ஆள் என்று நினைத்துச் சரவிளக்கைப் பற்றிக் கேட்டது. கான்ட்ராக்டர் அதை மெட்ராஸில் வாங்கி லாரியில் இறக்கியதை நானே பார்த்தவன். ஆனாலும், "பாரசீகத்திலிருந்து நாற்பது யானை சுமந்து வந்தது. வழியில் ஒரு யானை தும்மியதில் உடைந்த கண்ணாடிதான் அதோ அந்த ஜன்னல்" என்றேன். குடும்பமே வாயைப் பிளந்தது. அன்றைக்கு எனக்கு வெறும் ரசஞ்சோறு கூட ருசித்தது, சார்.

அப்புறம் தினமும் போனேன். நாற்பது யானை நூறாயிற்று. ஜமீன்தார் வேளைக்கு ஓர் ஆடு தின்றார், பிறகு வேளைக்கு ஒரு மந்தை தின்றார். சவரிராஜ் சிரிப்பான். "ஐயா, நேத்து ஏழு பொண்டாட்டின்னீங்க, இன்னிக்குப் பதினொண்ணா? மனுசன் செத்தும் கல்யாணம் பண்ணிகினே கீறாரே!"

குணசுந்தரி முள்ளிப்பட்டுக்காரி. அவளும் புருஷன் தங்கவேலுவும் வீட்டுத் தறியில் பட்டுப்புடவை நெய்கிறவர்கள். வெள்ளிக்கிழமைகளில் நெய்த புடவையை ஆரணி முதலாளியிடம் கொடுத்துவிட்டு நூல் வாங்கிப் போக வருவாள். பஸ் வரும்வரை மாளிகைக்குள் உட்காருவாள். தாய் தகப்பன் இல்லாதவள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. ராணி படத்தைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு எத்தினி புள்ளைங்க?" என்று கேட்டாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். "ரொம்ப வருஷம் இல்லாமல் இருந்து, அப்புறம் இரட்டைப் பிள்ளை. வெள்ளிக்கிழமைதோறும் இந்த மேடையில் உட்கார்ந்து எழுந்தாள், அவ்வளவுதான்" என்றேன். கொசுறாகச் சொன்னதுதான். அவள் அடுத்த வெள்ளி வந்தாள். அதற்கடுத்த வெள்ளியும் வந்தாள். கொஞ்ச நாளில் என்னை 'அப்பா' என்று கூப்பிட்டாள். தூக்கில் காரக்குழம்பும் சோறும் கொண்டு வருவாள். "மெல்ல துன்னுங்கப்பா, யாரும் புடுங்கிகினு போவப் போறதில்ல" என்பாள்.

எனக்கு வெள்ளிக்கிழமை என்று ஒரு நாள் கிடைத்தது. மற்ற நாளெல்லாம் அதற்காக கியூவில் நின்றன.

எண்பத்து நாலில் அவள் உண்டானாள். "ராணியம்மா கண்ணத் தொறந்துட்டாங்கப்பா" என்று மேடையில் தலையை வைத்து அழுதாள். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் ஒன்று தோன்றியது: பிள்ளை பிறந்துவிட்டால் இவள் இங்கே எதற்கு வரப்போகிறாள்? "தாய்வீடு இல்லாதவளுக்கு இந்த மாளிகைதான் தாய்வீடு. வளைகாப்பை இங்கேதான் செய்ய வேண்டும், ராணி வாக்கு" என்றேன். அதற்கு ஒரு நாளும் குறித்தோம், வெள்ளிக்கிழமையாகப் பார்த்து.

அதற்கு முந்தின வெள்ளி அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் அதில் நுழையவில்லை.

"டாக்டரம்மா இன்னிக்கே வேலூர் போயி படுத்துக்கச் சொல்றாங்கப்பா. பிரஷர் ஏறிகினே போவுதாம். புள்ள பொறக்கிற வரிக்கும் அங்கியே இருக்கணுமாம். தலைய வேற இடிக்குது. கண்ணுல ஜரிகை ஜரிகையா மின்னுது."

வாசலில் தங்கவேலு டாக்சி பேசிக்கொண்டிருந்தான்.

நான் யோசித்துத்தான் சொன்னேன். வாய் தவறி வந்த பேச்சில்லை. "வளையல் போடாமல் பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டி வேலூர் போகலாமா? ராணியின் தங்கை தாண்டிப் போனாள், வெறும் மடியோடு திரும்பினாள். கால் வீக்கம் ராணிக்கும் வந்ததுதான், கொலுசை வெட்டித்தான் கழற்றினார்கள். ஒரு வாரம்தானே, வளையலைப் போட்டுக்கொண்டு போ."

தங்கவேலு உள்ளே வந்து தயங்கினான். "ஜல்தியா போவச் சொன்னாங்களே, மாமா..."

"உனக்குப் பிள்ளை கொடுத்தது டாக்டரம்மாவா?" என்று கேட்டேன். அவன் டாக்சியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

வளைகாப்பன்று சீமந்த அறையில் கால் வைக்க இடமில்லை. முள்ளிப்பட்டுப் பெண்களோடு, மாளிகை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களும் நின்றுவிட்டார்கள். தகப்பன் ஸ்தானத்தில் தட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். வீங்கிய கையில் கண்ணாடி வளையல் ஏறவில்லை, எண்ணெய் தடவி ஏற்றினார்கள். பாதியில் குணசுந்தரியின் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி இழுத்தன. வளையல்கள் கல்மேடையில் மோதி உடைந்தன.

சவரிராஜ் ஓடி வந்தான். "ஐயா, இது வலிப்புங்க. பேஜாராயிடும், வண்டி கூப்பிடலாங்க."

தங்கவேலு அவளைத் தூக்கக் குனிந்தான்.

"தொடாதே" என்றேன். "ராணி இறங்கியிருக்கிறாள்."

கற்பூரம் ஏற்றச் சொன்னேன். எல்லோரும் கை கூப்பினார்கள். தங்கவேலு அவள் காலடியில் விழுந்து, "தாயே, நாங்க இன்னா குத்தம் பண்ணோம்?" என்று கேட்டான். நான் ராணியின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குச் சற்று அடங்கியது, மறுபடியும் இழுத்தது. சவரிராஜ் தானே போய் ஒரு வண்டியைப் பிடித்து வந்தபோது மூச்சு நின்றிருந்தது. வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

வலிப்பு என்று உங்களுக்குத் தெரியாதா என்று நேற்றுக் கேட்டீர்கள். தெரியும். என் பெண்டாட்டி செல்லம்மாள் நாற்பத்தொன்பதில் இப்படியேதான் கால் வீங்கி, தலை இடித்து, கண்ணில் மின்னுகிறது என்று சொல்லி, இழுத்து இழுத்துப் போனாள். பிள்ளையோடுதான். அவளை மடியில் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஆகவே குணசுந்தரி செருப்பைக் கையில் பிடித்து வந்த வெள்ளியே எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொன்னது சரி என்று அந்த மாளிகையில் அறிந்திருந்த ஒரே ஆள் நான்தான்.

ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டால் இது முழு வாக்குமூலம் ஆகாது. இத்தனை நாளில் என் கதையை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. பஸ் வந்துவிடும், குழந்தை அழும், பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அன்றைக்கு அத்தனை பேர் இருந்தார்கள், சார். கடைசி வரை ஒருத்தரும் எழுந்து போகவில்லை.