மூடி போட்ட படம்

ராத்திரி இரண்டேகால் மணி. பழைய கல்குவாரிக்குப் போகிற மண்பாதை. லாரி ஓடிப் பல வருடமாகிறது. தெருவிளக்கு கிடையாது, நாய்கூடக் கிடையாது… அதற்காகவேதான் அவன் அங்கே போனான். வானத்தைப் படம் பிடிக்க இருட்டு வேண்டும்.

கரண்ட் வர நேரமாகும், கிட்ட வாருங்கள். நம் ஃபிட்டரின் அக்கா புருஷனுக்கு நடந்தது இது. அவன் வெல்டர். பகலெல்லாம் நெருப்பில் வேகிற கண், ராத்திரியாவது இருட்டைப் பார்க்கட்டும் என்று பிடித்த பைத்தியம்.

நெட்டை என்று ஒரு கூட்டாளி. டெலஸ்கோப் இருவருக்கும் பொது. குவாரி விளிம்பில் அதை நிறுத்தி இரண்டு கேலக்ஸிகளைப் படமெடுத்தார்கள். சட்டையைப் பிடித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி, ஒன்றையொன்று கிழித்துக்கொண்டிருந்தவை. ஒருநாள் அந்தக் கிழிசலில் புதிதாக ஒரு புள்ளி. ஏதோ நட்சத்திரம் வெடித்துச் செத்த வெளிச்சம். முதலில் பார்த்தது நெட்டை. வானாய்வு மையத்துக்கு மெயில் போட்டது வெல்டர்… தன் பெயரை மட்டும் போட்டு.

மறுநாள் ராத்திரி விளிம்பிலேயே சண்டை.

“பாத்த கண்ணு என்னுது. பேரு உன்னுதா?”

“அனுப்பத் தெரிஞ்சவன் பேருதான் வரும். போடா.”

கொஞ்ச நேரத்தில் நெட்டை குழிக்குள் கிடந்தான். நூறடி. வழுக்கினானா, வழுக்க வைத்தானா… பார்த்தது வெல்டர் ஒருத்தன்தான். செத்தவன் நெற்றியில் கட்டியிருந்த சிவப்பு விளக்கு மட்டும் விடியும்வரை கீழே எரிந்ததாம்.

மையத்திலிருந்து பதில் வந்தது. முப்பது ராத்திரி விடாமல் எடுத்து, புள்ளி மங்குவதைக் காட்டினால் பெயரைப் பதிவு செய்வார்கள். மூடி போட்ட படங்களும் வேண்டும். கேமரா சூடானால் தானாகவே அழுக்குப் புள்ளி போடும். மூடியை மாட்டி வெறும் இருட்டை ஒரு படம் எடுத்து, அசல் படத்திலிருந்து அந்த அழுக்கைக் கழிப்பார்கள்.

சுத்தக் கறுப்பாக இருக்கவேண்டிய படம். பதினோராம் ராத்திரி அதில் கடுகளவு சிவப்பு. மூடி வழியாக வெளிச்சம் கசிகிறது என்று நினைத்தான். கறுப்பு டேப்பை மூன்று சுற்றுச் சுற்றினான். மறுநாள் மிளகளவு. வெல்டிங் தோல் கோட்டை மேலே போர்த்தினான். கோலிக்குண்டளவு. வானத்துப் புள்ளி மங்க மங்க, மூடிக்குள் இது வளர்ந்தது.

குழிக்குள்ளிருந்து சத்தமும்… ஒரு கல் உருளும். நிற்கும். வெகுநேரம் கழித்து இன்னொரு கல். முன்னதைவிடக் கொஞ்சம் மேலே. கூடவே நனைந்த கல்தூள் வாடை. மழையே இல்லை.

கடைசி நாள் ஃபிட்டரின் அக்கா வாசலை மறித்து நின்றாள்.

“ஒருநா போகலைன்னா வானமா இடிஞ்சி விழும்?”

“ஒருநா விட்டா பேரு போச்சுடி.”

காலையில் குழிக்குள் கிடந்தான். நெட்டை கிடந்த அதே பாறைமேல். கைக்கடிகாரம் மூன்று மணியில் நொறுங்கி நின்றிருந்தது. முப்பது நாள் படமும் அவன் கம்ப்யூட்டரிலிருந்தே மையத்துக்குப் போயிருந்தது. நாலு பத்துக்கு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நெட்டையின் பெயர்.

டெலஸ்கோப்பைக் கழற்றி எடுத்து வந்தது ஃபிட்டர்தான். மூடி மாட்டியபடி இருந்தது. டேப் மூன்று சுற்றும் பிரியவில்லை. கோட் போர்த்தியபடியே.

கேமராவில் கடைசியாக இருந்த மூடி போட்ட படத்தை ஃபிட்டரே பார்த்திருக்கிறான். நேரம் நாலு மணி. சிவப்பு வெளிச்சத்தில் வெல்டரின் முகம்… வாய் திறந்து, அண்ணாந்து கிடக்கிறான். விளிம்பிலிருந்து குனிந்து, கீழே பார்த்து எடுத்த படம்.